போருக்கு முந்தைய அமெரிக்காவின் அன்றாடம்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அந்தக் கால அமெரிக்கா என்று பேச்செடுத்தால் நண்பர்கள் 1930களின் பெரும் பொருளாதார மந்தத்தைக் கேட்பார்கள், ஹாலிவுட்டைக் கேட்பார்கள், பிறகு நேராகப் பேர்ல் ஹார்பருக்குப் போய்விடுவார்கள். நடுவில் ஜனங்கள் எப்படித் துவைத்தார்கள், என்ன சாப்பிட்டார்கள், ஞாயிற்றுக்கிழமை என்ன செய்தார்கள் என்பதில்தான் எனக்குப் பல வருட ஆசை. அவ்வப்போது என்னிடம் வந்த கேள்விகளை இங்கே சேர்த்திருக்கிறேன்.

"போருக்கு முன்" என்று எந்த வருடங்களைச் சொல்கிறீர்கள்?

பெரும்பாலும் 1935 முதல் 1941 டிசம்பர் 7 வரை. நமக்குப் போர் 1939 செப்டம்பர் 3 அன்றே வந்துவிட்டது. லண்டன் அறிவித்த அதே நாளில் வைஸ்ராய் லின்லித்கோ இந்தியாவையும் போரில் சேர்த்துவிட்டார். அமெரிக்காவுக்கு அதற்குப் பிறகும் இரண்டேகால் வருட அமைதி மிச்சமிருந்தது. இரவு ரேடியோவில் லண்டன்மீது குண்டு விழும் செய்தியைக் கேட்டுவிட்டு, மறுநாள் மாலை பௌலிங் ஆடப் போன ஜனங்கள் அவர்கள். அவர்களை அலட்சியக்காரர்கள் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. பத்து வருடக் கஷ்டத்துக்குப் பிறகு அப்போதுதான் கையில் கொஞ்சம் காசும், வேலையில்லாத ஒரு சனிக்கிழமையும் வந்திருந்தன.

பழைய படங்களில் பார்ப்பதுபோல எல்லோரும் வசதியாகவா இருந்தார்கள்?

இல்லை. 1933இல் வேலை செய்யக்கூடியவர்களில் நான்கில் ஒருவருக்கு வேலை இல்லை. 1940இல்தான் முதன்முறையாக மக்கள்தொகையோடு சேர்த்து வீடுகளையும் கணக்கெடுத்தார்கள். வெந்நீரும் தண்ணீரும் வரும் குழாய், குளிக்கத் தொட்டி, கழிப்பறை என்று எல்லாம் வீட்டுக்குள்ளேயே முழுமையாக இருந்தவை பாதிக்குச் சற்று அதிகமான வீடுகள்தான். சுமார் 45 சதவீத வீடுகளில் இவற்றில் ஏதாவது ஒன்றாவது இல்லை. ஐந்தில் ஒரு வீட்டில் மின்சாரம் இல்லை. படத்தில் வரும் வெள்ளை அடுப்பங்கரையும் மாடிப்படி வைத்த கூடமும் பலருக்குத் திரையில் மட்டுமே இருந்தவை. பார்க்க வந்தவர்களில் பலர் வீட்டுக்குத் திரும்பியதும் கொல்லைப்புறக் கழிப்பறைக்குத்தான் போனார்கள்.

அப்படியானால் பொழுதுபோக்க நேரமும் காசும் எங்கிருந்து வந்தன?

நேரத்தைச் சட்டம் கொடுத்தது. இதை அழுத்திச் சொல்ல வேண்டும், ஏனென்றால் வார இறுதி விடுமுறை ஏதோ இயற்கையாக வந்ததுபோல இன்று நினைக்கிறோம். ஹென்றி ஃபோர்டு 1926இலேயே தன் ஆலைகளில் வாரம் ஐந்து நாள் வேலை என்று கொண்டுவந்தார். ஆனால் அது ஒரு முதலாளியின் முடிவு. 1938இல் வந்த நியாயமான உழைப்புத் தரச் சட்டம்தான் அதை நாட்டின் விதியாக்கியது. குறைந்தபட்சக் கூலி மணிக்கு 25 சென்ட். வாரத்துக்கு 44 மணி நேரம், அடுத்த வருடம் 42, 1940 அக்டோபரிலிருந்து 40. அதற்கு மேல் வேலை வாங்கினால் ஒன்றரை மடங்கு கூலி. இதற்குப் பின்னால் நின்றவர் ஃபிரான்சிஸ் பெர்கின்ஸ். அமெரிக்க அமைச்சரவையில் இடம்பெற்ற முதல் பெண். ஜனாதிபதி ரூஸ்வெல்ட்டின் தொழிலாளர் அமைச்சர்.

இந்தச் சட்டம் விவசாயக் கூலிகளுக்கும் வீட்டு வேலைக்காரர்களுக்கும் பொருந்தவில்லை. தெற்கு மாநிலங்களில் அந்த இரண்டு வேலைகளையும் செய்தவர்களில் பெரும்பங்கினர் கறுப்பினத்தவர். ஆகவே சனிக்கிழமை எல்லோருக்கும் வரவில்லை.

வீட்டுப் பெண்களுக்கு வாரத்தில் ஒவ்வொரு நாளுக்கும் ஒரு வேலை என்று இருந்ததாமே?

ஆமாம். திங்கள் சலவை, செவ்வாய் இஸ்திரி, புதன் கிழிசல் தைப்பது, வியாழன் கடைக்குப் போவது, வெள்ளி வீட்டைத் துடைப்பது, சனி ரொட்டி சுடுவது, ஞாயிறு கோயில். ஊருக்கு ஊர் வரிசை கொஞ்சம் மாறும், ஆனால் திங்கள் மட்டும் மாறாது. மாவு மூட்டைத் துணியில் ஏழு கைத்துண்டு வெட்டி, ஒவ்வொன்றிலும் அந்தந்த நாளின் வேலையைப் பூத்தையலில் போட்டு அடுப்பங்கரையில் தொங்கவிடுவார்கள்.

ஏன் திங்கள்? ஞாயிற்றுக்கிழமை பெரிய சமையல் நடக்கும். மீந்த இறைச்சியை மறுநாள் அப்படியே வைத்துச் சமாளித்துவிடலாம், அடுப்பை முழுக்க வெந்நீருக்கு விட்டுவிடலாம். முந்தின இரவே அழுக்குத் துணியை ஊறப்போட வேண்டும். விடியற்காலையில் பெரிய செம்பு அண்டாவில் தண்ணீர் கொதிக்க வைத்து, முதலில் வெள்ளைத் துணி, அப்புறம் சாயத்துணி, கடைசியில் வேலைக்குப் போட்ட முரட்டுத் துணி. பள்ளம் மேடு வைத்த தகரப் பலகையில் தேய்த்து, அலசி, நீலம் போட்டு, கஞ்சி போட்டு, இரண்டு உருளைகளுக்கு நடுவே விட்டுப் பிழிய வேண்டும். நம் பாட்டிமார் நீலமும் கஞ்சியும் போட்டது நினைவிருப்பவர்களுக்கு இது அந்நியமாகத் தெரியாது. நகரத்தில் பலர் மின்சாரச் சலவை இயந்திரம் வாங்கியிருந்தார்கள். ஆனால் அதிலும் துணியைத் தூக்கி உருளையில் கொடுப்பது கையால்தான். விரல் மாட்டிக்கொண்ட பெண்கள் ஏராளம்.

மறுநாள் இஸ்திரி. காய்ந்த துணியில் தண்ணீர் தெளித்துச் சுருட்டி வைத்து, ஈரம் சீராகப் பரவியதும் தேய்க்க வேண்டும். மின்சாரம் இல்லாத வீடுகளில் மூன்று நான்கு கிலோ எடையுள்ள இரும்புக் கட்டிகளை விறகு அடுப்பில் மாற்றி மாற்றிச் சூடாக்குவார்கள். ஆகஸ்ட் மாதத்து டெக்சாஸ் வெயிலிலும் அதே அடுப்புதான்.

கிராமங்களுக்கு மின்சாரம் எப்போது வந்தது?

1935இல் பத்துப் பண்ணை வீடுகளில் ஒன்றில்தான் இருந்தது. தூரத்தில் தனித்தனியாக இருக்கும் வீடுகளுக்குக் கம்பி இழுத்தால் லாபமில்லை என்று தனியார் நிறுவனங்கள் ஒதுங்கிக்கொண்டன. அந்த வருடம்தான் கிராம மின்மயமாக்கல் நிர்வாகத்தை ரூஸ்வெல்ட் அமைத்தார். அரசு குறைந்த வட்டிக்குக் கடன் தரும். விவசாயிகளே கூட்டுறவுச் சங்கம் வைத்துக் கம்பம் நடுவார்கள். 1941க்குள் ஏறக்குறைய மூன்றில் ஒரு பண்ணைக்கு விளக்கு வந்துவிட்டது. டெக்சாஸின் மலைப்பகுதிக்கு 1939இல் வந்தது. அதற்காக வாஷிங்டனில் ஓடியாடிய இளம் காங்கிரஸ் உறுப்பினர் லிண்டன் ஜான்சன். பிற்காலத்தில் ஜனாதிபதி ஆனவர். கம்பி வந்ததும் பெரும்பாலான வீடுகளில் முதலில் வாங்கியவை இரண்டு: இஸ்திரிப் பெட்டி, ரேடியோ. செவ்வாய்க்கிழமையை நினைத்தால் இஸ்திரிப் பெட்டி ஏன் முதலில் வந்தது என்று புரியும்.

குளிர்சாதனப் பெட்டி இருந்ததா?

1940இல் பாதிக்கும் சற்றுக் குறைவான வீடுகளில் இருந்தது. நாலில் ஒரு பங்குக்குச் சற்று அதிகமான வீடுகளில் ஐஸ் பெட்டி. மரத்தால் செய்து உள்ளே தகரம் அடித்த அலமாரி. மேல்தட்டில் பனிக்கட்டி, கீழே பாலும் வெண்ணெயும். ஐஸ்காரர் தெருவில் வரும்போது சன்னலில் ஓர் அட்டையைத் திருப்பி வைப்பார்கள். நாலு பக்கமும் 25, 50, 75, 100 என்று எண் போட்டிருக்கும். எந்த எண் மேலே இருக்கிறதோ அத்தனை பவுண்டு கட்டியை அவர் இடுக்கியில் தூக்கிக்கொண்டு உள்ளே வருவார். வண்டிக்குப் பின்னால் ஓடிச் சிதறிய சில்லுகளைப் பொறுக்கி வாயில் போட்டுக்கொள்வது சிறுவர்களின் கோடைக்கால உரிமை. உருகும் நீர் பெட்டிக்கு அடியில் உள்ள தட்டில் நிரம்பும். இரவில் கொட்ட மறந்தால் காலையில் தரையெல்லாம் குளம்.

சாப்பாடு, துணிமணி எல்லாம் எப்படி?

கோடையில் விளைந்ததைக் குளிர்காலத்துக்குக் கண்ணாடி ஜாடிகளில் அடைத்து வைப்பதுதான் இல்லத்தரசியின் பெருமை. தக்காளி, பீச் பழம், பீன்ஸ், ஊறுகாய். புளிப்பில்லாத காய்களைச் சரியாக அடைக்காவிட்டால் கொடிய நஞ்சு உண்டாகும். அதனால் வேளாண் விரிவாக்கத் துறையின் பெண் அலுவலர்கள் ஊர் ஊராகப் போய் அழுத்தக் கொப்பரையில் எப்படி வேக வைப்பது என்று செய்து காட்டினார்கள். நிலவறை அலமாரியில் வரிசையாக நிற்கும் ஜாடிகளை வந்தவர்களுக்குக் கூட்டிப்போய்க் காட்டுவார்கள். நல்ல ஜாடி மாவட்டக் கண்காட்சிக்குப் போகும். நீல நாடா வாங்கினால் அந்த வருடம் முழுக்க அதே பேச்சு.

இன்னொரு பக்கம் டப்பா உணவும் வேகமாக வந்துகொண்டிருந்தது. துண்டு போட்ட ரொட்டி 1928இலேயே மிசௌரி மாநிலத்தில் விற்பனைக்கு வந்துவிட்டது. 1937இல் ஸ்பாம் டப்பா இறைச்சி. அதே வருடம் கிராஃப்டின் மெக்கரோனி சீஸ் பெட்டி, நாலு பேருக்கான சாப்பாடு 19 சென்டுக்கு என்று விளம்பரம். தள்ளுவண்டி வைத்த பல்பொருள் கடையும் அதே 1937இல்தான், ஓக்லஹோமா நகரத்தில். கூடை கனத்தால் வாங்குவதை நிறுத்திவிடுகிறார்கள் என்று கவனித்த சில்வன் கோல்ட்மன் என்ற கடைக்காரர் கூடைக்குச் சக்கரம் வைத்தார்.

துணியில் எனக்கு மிகவும் பிடித்தது தீவன மூட்டைக் கதை. மாவும் கோழித் தீவனமும் பருத்திப் பையில் வரும். பெண்கள் பையைப் பிரித்துத் துவைத்துப் பிள்ளைகளுக்கு உடை தைக்கிறார்கள் என்று தெரிந்துகொண்ட ஆலைக்காரர்கள் பூப்போட்ட பைகளை அச்சிட ஆரம்பித்தார்கள். நிறுவனத்தின் பெயரைத் துவைத்தால் போய்விடும் மையில் போட்டார்கள். ஒரு கவுனுக்கு மூன்று பை வேண்டும், மூன்றும் ஒரே பூவாக இருக்க வேண்டும். தீவனம் வாங்கப் போகும் கணவனிடம் மாதிரித் துணியைக் கொடுத்து அனுப்புவார்கள். இல்லாமையை இவ்வளவு அழகாகத் தைத்துப் போட்டுக்கொண்டதைப் பார்க்கும்போது அந்தப் பெண்கள்மீது மரியாதை வருகிறது.

ரேடியோவில் என்ன கேட்டார்கள்?

1940இல் பத்தில் எட்டு வீடுகளுக்கு மேல் ரேடியோ இருந்தது. கழிப்பறை இல்லாத வீட்டிலும் ரேடியோ இருந்தது என்பதைக் கவனியுங்கள். பகலில் தொடர் நாடகங்கள். சோப்பு நிறுவனங்கள் விளம்பரம் கொடுத்ததால் அவற்றுக்குச் சோப் ஓப்பரா என்று பெயர் நின்றுவிட்டது. இஸ்திரி போட்டுக்கொண்டே கேட்பதற்கென்று எழுதப்பட்டவை. ஞாயிறு இரவு 7 மணிக்கு ஜாக் பென்னியின் நகைச்சுவை. நடுநடுவே ரூஸ்வெல்ட்டின் கணப்படுப்புப் பேச்சு. 1933 மார்ச் 12 அன்று வங்கிகள் ஏன் மூடப்பட்டன என்று எளிய பேச்சில் விளக்கியதுதான் முதலாவது. மறுநாள் வங்கிகள் திறந்தபோது ஜனங்கள் பணத்தைத் திரும்பக் கொண்டுவந்து போட்டார்கள். 1940இல் செய்தியாளர் எட்வர்ட் மர்ரோ லண்டன் மொட்டைமாடியில் நின்று பேசியதையும் இதே பெட்டியில்தான் கேட்டார்கள்.

சினிமா?

13 கோடிக்குச் சற்று அதிகமான ஜனத்தொகையில் வாரத்துக்கு 8 கோடி டிக்கெட் போனதாகக் கணக்கிட்டார்கள். சராசரி டிக்கெட் 25 சென்டுக்குள். அதற்கு இரண்டு படம், செய்திப்படம், ஒரு கார்ட்டூன். கோடையில் குளிர்ந்த காற்றுக்காகவே போனவர்கள் உண்டு. கூட்டம் குறையும் வார நாட்களில் பெண்களை இழுக்கத் தட்டு கொடுத்தார்கள். ஒரு வாரம் கோப்பை, அடுத்த வாரம் சாசர். விடாமல் போனால் வீட்டில் ஒரு முழு செட் சேரும். கைதவறித் தட்டு உடையும் சத்தம் படத்தின் நடுவே கேட்பதும், அரங்கம் முழுக்கச் சிரிப்பதும் வழக்கம்.

ஒரு சின்ன இணைப்பு. இதே வருடங்களில் ஓஹியோ மாநிலத்திலிருந்து வந்த எல்லிஸ் ஆர். டங்கன் தமிழ் தெரியாமலேயே தமிழ்ப் படங்கள் எடுத்துக்கொண்டிருந்தார். எம்.ஜி.ஆர். முதன்முதலாகத் திரையில் தோன்றிய 1936ஆம் ஆண்டுப் படத்தின் இயக்குநர் அவர்தான்.

1941 பேஸ்பால் பருவத்தைப் பற்றி ஏன் இவ்வளவு பேசுகிறார்கள்?

கிரிக்கெட் ரசிகர்களுக்குப் புரியும்படி சொல்கிறேன். பேஸ்பாலில் பத்து முறை மட்டையோடு நின்றால் மூன்று முறை அடித்துத் தளத்தை அடைபவர் நல்ல ஆட்டக்காரர். நான்கு முறை என்பது எட்டாத உயரம். பத்துக்கு நான்கு என்ற அந்தச் சராசரியை .400 என்று எழுதுவார்கள். அந்த ஒரே கோடையில் இரண்டு பேர் இரண்டு விதமாக அந்த உயரத்தைத் தொட்டார்கள்.

நியூயார்க் யாங்கீஸின் ஜோ டிமாஜியோ மே 15 முதல் ஜூலை 16 வரை 56 ஆட்டங்களில் ஒன்றைக்கூட விடாமல் குறைந்தது ஓர் அடியாவது அடித்தார். முடிதிருத்தும் கடையில், ஆலை வாசலில், தபால்காரரிடம், எங்கே பார்த்தாலும் "இன்றைக்கு அடித்தாரா?" என்ற ஒரே கேள்வி. ஜூலை 17 அன்று கிளீவ்லாந்தில் 67,000 பேர் பார்க்க அது முடிந்தது. மூன்றாம் தளத்தில் நின்ற கென் கெல்ட்னர் இரண்டு அற்புதமான தடுப்புகளைச் செய்தார். டிமாஜியோ மறுநாளே மீண்டும் ஆரம்பித்து இன்னும் 16 ஆட்டங்கள் தொடர்ந்து அடித்தார்.

போஸ்டனின் டெட் வில்லியம்ஸுக்கு அப்போது 23 வயது. பருவத்தின் கடைசி நாளான செப்டம்பர் 28 காலையில் அவருடைய சராசரி .39955. உட்கார்ந்துகொண்டால் அதை .400 என்று முழுதாக்கிவிடுவார்கள். மேலாளர் ஜோ குரோனின் அந்த வாய்ப்பையும் கொடுத்தார். வில்லியம்ஸ் மறுத்துவிட்டார். பிலடெல்பியாவில் அன்று நடந்த இரண்டு ஆட்டங்களிலும் இறங்கி, எட்டு முறையில் ஆறு அடித்து .406இல் முடித்தார். அதன் பிறகு அமெரிக்கன் லீக்கிலோ நேஷனல் லீக்கிலோ யாரும் .400ஐத் தொடவில்லை. எண்ணை விட அந்த மறுப்புதான் எனக்குப் பெரிதாகப் படுகிறது.

அதே கோடையில், ஜூன் 2 அன்று லூ கெரிக் 37 வயதில் இறந்தார். 2,130 ஆட்டங்கள் ஒரு நாளும் விடுப்பு எடுக்காமல் ஆடியவர். தசையைச் செயலிழக்க வைத்த நோய் அவரை நிறுத்தியது. இன்று அமெரிக்காவில் அந்த நோய்க்கே அவர் பெயர்தான் வழங்குகிறது.

ஆட்டங்கள் பெரும்பாலும் பகலில். மின்விளக்கில் நடந்த முதல் பெரிய லீக் ஆட்டம் 1935 மே 24, சின்சினாட்டி. வெள்ளை மாளிகையிலிருந்து ரூஸ்வெல்ட் பொத்தானை அழுத்தி விளக்கை ஏற்றினார்.

கறுப்பினத்தவருக்கு இந்த வாழ்க்கை எந்த அளவுக்குத் திறந்திருந்தது?

மேலே சொன்ன மைதானங்களில் அவர்கள் ஆட முடியாது. அந்த லீக்குகளில் 1947 வரை ஒரு கறுப்பின ஆட்டக்காரரும் இல்லை. அவர்கள் தங்களுக்கென்று நீக்ரோ லீக்குகளை நடத்தினார்கள். ஹோம்ஸ்டெட் கிரேஸ், கன்சாஸ் சிட்டி மோனார்க்ஸ் முதலிய அணிகள். சாச்செல் பேஜ், ஜாஷ் கிப்சன் போன்ற மேதைகள். 1933 முதல் சிகாகோவில் நடந்த கிழக்கு–மேற்கு நட்சத்திர ஆட்டத்துக்குக் குடும்பம் குடும்பமாக ரயிலேறி வந்தார்கள். 2024இல்தான் அந்த லீக்குகளின் கணக்கைப் பெரிய லீக் பதிவேட்டில் சேர்த்தார்கள். அதன்படி வாழ்நாள் சராசரியில் இன்று முதலிடம் கிப்சனுக்கு, .372. அவர் 1947 ஜனவரியில், கதவு திறப்பதற்கு மூன்று மாதம் முன்பு இறந்துபோனார். இதை எழுதும்போதே மனம் கனக்கிறது.

குத்துச்சண்டையில் கதவு திறந்திருந்தது. 1938 ஜூன் 22 அன்று யாங்கி ஸ்டேடியத்தில் ஜோ லூயிஸ் ஜெர்மனியின் மாக்ஸ் ஷ்மெலிங்கை 2 நிமிடம் 4 வினாடியில் வீழ்த்தினார். ஹார்லெம் தெருக்கள் அன்றிரவு தூங்கவில்லை. ஆனால் தெற்கில், லூயிஸைக் கொண்டாடிய அதே ஜனங்கள் திரையரங்கில் மேல்மாடத்தில்தான் உட்கார வேண்டும். 1939இன் மிகப் பெரிய படமான 'கான் வித் த விண்ட்'டில் நடித்த ஹாட்டி மெக்டானியல் அட்லாண்டாவில் நடந்த முதல் காட்சிக்குப் போக முடியவில்லை. இரண்டே மாதத்தில் அதே வேடத்துக்கு ஆஸ்கர் வாங்கினார். அந்த விழாவிலும் அவருக்குத் தனி மேசை.

காரில் ஊர் சுற்றப் போனால் எந்த ஊரில் தங்க இடம் தருவார்கள், எங்கே சாப்பாடு தருவார்கள் என்று சொல்லும் வழிகாட்டிப் புத்தகத்தை 1936 முதல் விக்டர் கிரீன் என்ற நியூயார்க் தபால்காரர் வெளியிட்டார். 1939இல் பாடகி மரியன் ஆண்டர்சனுக்கு வாஷிங்டனின் கான்ஸ்டிடியூஷன் ஹாலைத் தர மறுத்தார்கள். அதைக் கண்டித்து, அந்த மண்டபத்துக்குச் சொந்தக்காரர்களான பெண்கள் சங்கத்திலிருந்து ஜனாதிபதியின் மனைவி எலினோர் ரூஸ்வெல்ட் விலகினார். ஏப்ரல் 9, ஈஸ்டர் ஞாயிறன்று லிங்கன் நினைவகப் படிக்கட்டில் ஆண்டர்சன் பாடினார். திறந்தவெளியில் 75,000 பேர், கறுப்பரும் வெள்ளையரும் பக்கத்தில் பக்கத்தில் நின்று கேட்டார்கள்.

இந்தியர்கள் அங்கே இருந்தார்களா?

சில ஆயிரம் பேர், பெரும்பாலும் கலிபோர்னியாவில் பஞ்சாபி விவசாயிகள். 1923இல் பகத்சிங் திந்த் வழக்கில் உச்ச நீதிமன்றம் இந்தியர்கள் குடியுரிமை பெற முடியாது என்று தீர்ப்பளித்தது. 1946 வரை அதுதான் நிலை.

அரசாங்கம் மக்கள் பொழுதுபோக்குக்குச் செலவு செய்ததா?

செய்தது, அதுவும் கையில் காசில்லாத காலத்தில். வேலையில்லாதவர்களுக்கு வேலை கொடுக்க 1935இல் தொடங்கிய டபிள்யூ.பி.ஏ. திட்டத்தில் எட்டு வருடங்களில் சுமார் 85 லட்சம் பேர் வேலை செய்தார்கள். சாலையும் பாலமும் மட்டும் கட்டவில்லை. பூங்கா, விளையாட்டுத் திடல், நீச்சல் குளம் எல்லாம் கட்டினார்கள். நியூயார்க்கில் 1936இன் ஒரே கோடையில் 11 பிரமாண்டமான பொது நீச்சல் குளங்கள் திறந்தன. புழுக்கமான ஒற்றை அறையில் வாழ்ந்த குடும்பங்களின் பிள்ளைகள் ஆயிரக்கணக்கில் வந்து குதித்தார்கள். இன்றும் அவற்றில் நீந்துகிறார்கள். காடு வளர்ப்புப் படையில் சேர்ந்த இளைஞர்களுக்கு மாதம் 30 டாலர். அதில் 25 நேராக வீட்டுக்குப் போய்விடும். இன்று நம் ஊர்க்காரர்கள் அமெரிக்காவில் சுற்றிப் பார்க்கும் மாநிலப் பூங்காக்களின் கல் படிகளும் மரக்குடில்களும் பல இடங்களில் அந்தப் பையன்களின் கைவேலை.

கென்டக்கி மலைக் கிராமங்களுக்குக் குதிரையிலும் கோவேறு கழுதையிலும் புத்தகம் கொண்டுபோன பெண்களும் டபிள்யூ.பி.ஏ. ஊழியர்கள்தான். ஓடையைக் கடந்து, பனியில் இறங்கி நடந்து போனார்கள். கிழிந்துபோன பத்திரிகைகளை வெட்டி ஒட்டி, சமையல் குறிப்பும் ஒட்டுத்துணிப் போர்வையின் மாதிரிகளும் கொண்ட கையேடுகளை அவர்களே தயாரித்து வீடு வீடாகச் சுற்றுக்கு விட்டார்கள். ஒரு வீட்டுக் கைப்பக்குவம் அடுத்த மலைக்கு இப்படித்தான் போனது.

பொது வாழ்க்கை என்றால் தேர்தல் மட்டுமா?

தேர்தல் அதில் சிறு பங்குதான். வெர்மான்டில் மார்ச் முதல் செவ்வாய்க்கிழமை ஊர்க் கூட்டம் நடக்கும். எந்தச் சாலையைச் செப்பனிடுவது, பள்ளிக்கு எவ்வளவு என்று ஊர் ஜனமே கைதூக்கி முடிவு செய்யும். நடுவில் பெண்கள் சமைத்துக் கொண்டுவந்த மதியச் சாப்பாடு. மற்ற இடங்களில் கோயில் விருந்து, பெற்றோர் ஆசிரியர் சங்கம், ரோட்டரி, ஜூலை 4 ஊர்வலம். தெற்கில் மட்டும் தலைவரியும் எழுத்தறிவுத் தேர்வும் வைத்துக் கறுப்பினத்தவரை வாக்குச்சாவடியிலிருந்து விலக்கி வைத்தார்கள்.

நாடே இரண்டுபட்ட ஒரு சண்டையும் நடந்தது, நன்றி நவிலும் திருநாளுக்காக. நவம்பரின் கடைசி வியாழன்தான் வழக்கம். 1939இல் அது 30ஆம் தேதி விழுந்தது. கிறிஸ்துமஸ் வியாபாரத்துக்கு நாள் போதாது என்று கடைக்காரர்கள் கேட்க, ரூஸ்வெல்ட் ஒரு வாரம் முன்னே தள்ளிவிட்டார். நாட்காட்டிகள் அச்சாகிவிட்டன, கல்லூரிக் கால்பந்து ஆட்டங்கள் குறித்தாகிவிட்டன. ஏறக்குறைய பாதி மாநிலங்கள் 23ஆம் தேதியும் மற்றவை 30ஆம் தேதியும் கொண்டாடின. டெக்சாஸ் இரண்டு நாளும் கொண்டாடியது. கடைசியில் நான்காவது வியாழன் என்று 1941 டிசம்பர் 26 அன்று சட்டமாக்கினார்கள்.

போரின் நிழல் முன்னாலேயே விழவில்லையா?

விழுந்தது. 1940 அக்டோபர் 16 அன்று 21 முதல் 35 வயது வரையுள்ள ஆண்கள் எல்லோரும் கட்டாய ராணுவச் சேவைக்குப் பெயர் பதிவு செய்ய வேண்டியிருந்தது. சுமார் 1 கோடியே 60 லட்சம் பேர். யாரை முதலில் அழைப்பது என்று முடிவு செய்யும் குலுக்கலில், அக்டோபர் 29இல் போர் அமைச்சர் ஸ்டிம்சன் கண்ணைக் கட்டிக்கொண்டு கண்ணாடிக் குடுவையிலிருந்து எடுத்த முதல் எண் 158. டெட்ராய்ட் அணியின் ஹாங்க் கிரீன்பெர்க் 1941 மே மாதம் வருடத்துக்கு 55,000 டாலர் சம்பளத்தை விட்டு, மாதம் 21 டாலர் வாங்கும் சிப்பாயானார். வயது வரம்பு மாறியதால் டிசம்பர் 5 அன்று அவரை வீட்டுக்கு அனுப்பினார்கள். இரண்டு நாளில் நாடு போருக்குள் போனதும் தானாகவே திரும்பப் போய்ச் சேர்ந்துகொண்டார்.

1941 டிசம்பர் 7 அன்று சாதாரண ஜனங்கள் என்ன செய்துகொண்டிருந்தார்கள்?

ஞாயிற்றுக்கிழமை. கோயிலுக்குப் போய்விட்டு வந்து, பெரிய சாப்பாடு முடிந்து, ரேடியோ பக்கத்தில் இருந்தார்கள். நியூயார்க் போலோ கிரவுண்ட்ஸில் ஜெயன்ட்ஸுக்கும் புரூக்ளின் டாட்ஜர்ஸுக்கும் அமெரிக்கக் கால்பந்து ஆட்டம், 55,000 பேர். பிற்பகல் இரண்டரை மணி வாக்கில் ஆட்ட வர்ணனையை நிறுத்தி, பேர்ல் ஹார்பரை ஜப்பான் தாக்கிய செய்தியை ரேடியோவில் சொன்னார்கள். மைதானத்தில் இருந்தவர்களுக்குச் சொல்லவில்லை. ரூஸ்வெல்ட்டின் உளவுத் தலைவரான கர்னல் வில்லியம் டோனவனை அழைக்கும் குரல் மட்டும் ஒலிபெருக்கியில் கேட்டது. வாஷிங்டன் மைதானத்திலும் அப்படித்தான். ராணுவ அதிகாரிகளை ஒருவர் பின் ஒருவராக அழைத்துக்கொண்டே இருந்தார்கள். ஏன் என்று சொல்லாமல் ஆட்டத்தை முடித்தார்கள். ஜனங்கள் வெளியே வந்தபோது வாசலில் பத்திரிகை விற்கும் பையன்களின் கூவல்.

மறுநாள் திங்கட்கிழமை, சலவை நாள். பகல் பன்னிரண்டரை மணிக்கு ரூஸ்வெல்ட் காங்கிரஸில் பேசினார். பிழிந்த துணி கொடிக்குப் போகாமல் கூடையிலேயே இருக்க, வீடுகளில் ரேடியோவைச் சத்தமாக வைத்தார்கள்.